விரிசல் இருந்தாலும் விமானம் பறக்கலாம் என்கிறான் என் மகன். அது சரியா? வெல்டிங் செய்த பாகத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்துமா?

உங்கள் மகன் விமானப் பராமரிப்பு படிப்பதாகவும், "விரிசல் இருந்தாலும் பறக்கலாம், அதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது" என்று சொல்லி உங்களைப் பயமுறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவன் வகுப்பில் டேமேஜ் டாலரன்ஸ் பாடம் ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கும் ஒரு வாரம் அந்தப் பயிற்சி கொடுத்தார்கள். விடுமுறைக்குக் கடலூர் வந்தபோது இதே வாக்கியத்தை அப்பாவிடம் சொன்னேன். அவர் வெல்டர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "எவன்டா சொன்னது?" என்று கேட்டார்.

உங்கள் மகன் சொன்னது பாதி சரி. விமானத்தின் முக்கியப் பாகங்கள் பெரும்பாலானவற்றில் கண்ணுக்குத் தப்பிய ஒரு விரிசல் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறார்கள். அது வளர்ந்து ஆபத்தான நீளத்தைத் தொடுவதற்குள் எப்படியும் கண்ணில் பட்டுவிட வேண்டும், படும்வரை பாகம் சுமையைத் தாங்க வேண்டும். டேமேஜ் டாலரன்ஸ் என்பது இவ்வளவுதான். கண்ணில் பட்டுவிட்ட விரிசலோடு பறப்பது வேறு விஷயம். முக்கியப் பாகத்தில் விரிசல் தெரிந்தால் பழுது பார்க்க வேண்டும், இல்லை பாகத்தையே மாற்ற வேண்டும். மூடிகள், ஓரத் தகடுகள் போன்ற சில இடங்களில் மட்டும் இவ்வளவு நீளம் வரை நுனியில் ஓட்டை போட்டுவிட்டு ஓட்டலாம் என்று தயாரிப்பாளரின் புத்தகமே எழுதிக் கொடுத்திருக்கும். அதைத் தாண்டி யாருக்கும் அனுமதி கிடையாது.

எழுதுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை. ஐடிஐ வெல்டர், அதன்பிறகு என்டிடி (பாகத்தைச் சேதப்படுத்தாமல் குறை தேடும் சோதனை) லெவல் டூ. இந்தத் தளத்தில் போன தடவை வெல்டிங் பற்றி எழுதியபோது "ஃபிராக்சர் மெக்கானிக்ஸ் படித்தவர்கள் பேசட்டும்" என்று, அதாவது விரிசல் கணக்குப் படித்தவர்கள் பேசட்டும் என்று, ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். சூத்திரம் அவர் எழுதட்டும். விரிசலைத் தேடிப் பார்த்து, தாளில் கையெழுத்துப் போடும் ஆள் நான். அந்தச் சூத்திரத்துக்குள் என் கண்ணும் ஒரு எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் எனக்கும் பேச இடம் உண்டு.

அப்பாவின் பட்டறை சிதம்பரம் ரோட்டில், கடலூர் முதுநகர் தாண்டி இருந்தது. அரவை சீசன் வந்துவிட்டால் கரும்பு டிரெய்லர்கள்தான் பிழைப்பு. டிராக்டரோடு கொக்கி மாட்டும் முன்சட்டம் இருக்கிறதே, அது உடலோடு சேரும் மூலையில்தான் எப்போதும் விரிசல் விடும். வண்டிக்காரர் வந்து, "மேல ரெண்டு ராடு ஓட்டி விட்டுடுங்கண்ணே, லோடு நிக்குது" என்பார். அப்பா பதில் சொல்லாமல் உட்கார்ந்து அந்த இடத்தை வயர் பிரஷ் போட்டுத் தேய்ப்பார். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தடவுவார். ஒரு பீடி முடியும் வரை சும்மா இருப்பார். அப்புறம் காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸை உடைத்துப் பொடியாக்கி அந்த இடம் முழுக்க வெள்ளையாகப் பூசுவார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்கு நடுவே ஒரு ஈரக்கோடு எழும்பும். விரிசலுக்குள் இறங்கியிருந்த மண்ணெண்ணெயைச் சுண்ணத்தூள் உறிஞ்சி வெளியே கொண்டுவரும். வண்டிக்காரர் காட்டிய இடத்தில் கோடு முடியாது. அதற்கு அப்பால் இரண்டு விரல்கடை ஓடியிருக்கும்.

அந்தக் கடைசி நுனியில்தான் டிரில் வைப்பார். கூர்மையான நுனி போய் வட்டமான ஓட்டை வந்துவிட்டால் விரிசல் அங்கிருந்து மறுபடி கிளம்ப நாளாகும். பிறகு கிரைண்டரால் பள்ளம் பறித்து அடிவரை நிரப்பி, மேலே பிளேட் வைப்பார். பிளேட்டின் இரண்டு முனையையும் கூராகச் சரித்து வெட்டித்தான் வைப்பார். சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் ஓட்ட விடமாட்டார், அந்தக் கோட்டிலேயே அடுத்த விரிசல் வரும் என்பார். எட்டாவதோடு நின்றவர். பல வருடம் கழித்து நான் பயிற்சியில் டை பெனிட்ரன்ட் கற்றுக்கொண்டேன். சிவப்புச் சாயம், துடைப்பு, வெள்ளை டெவலப்பர் என்று வரிசையாகப் பார்த்தபோது மண்ணெண்ணெயும் சாக்பீஸும்தான் ஞாபகம் வந்தது. உண்மையில் இதன் பூர்வீகமே அதுதான். அந்தக் காலத்து ரயில்வே பட்டறைகளில் எண்ணெயும் சுண்ணத்தூளும் வைத்துத்தான் பார்த்தார்கள்.

சரி, விமானத்துக்கு வருகிறேன்.

விரிசல் எப்படி வளர்கிறது என்பதற்குப் பால் பாரிஸ் என்ற அமெரிக்கர் 1960களின் தொடக்கத்தில் ஒரு விதி சொன்னார். ஒவ்வொரு சுமைச் சுற்றிலும் விரிசல் எவ்வளவு நீளும் என்பது, அதன் நுனியில் அழுத்தம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அடுக்கைப் (பவர்) பொறுத்தது. அலுமினியத்துக்கு அந்த அடுக்கு ஏறக்குறைய 3, 4 என்று வரும். 4 என்றால், அழுத்தம் இரட்டிப்பானால் விரிசல் 16 மடங்கு வேகத்தில் ஓடும். மூன்று பெரிய ஆய்விதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டன. கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்தின் சொந்த இதழில்தான் வெளிவந்தது. இன்று விமானத்தில் விரிசல் தேடும் சோதனைகளின் இடைவெளி பெரும்பாலும் அதன்மேல்தான் நிற்கிறது.

உங்கள் மகன் இதை ஒரு தடவை தாளில் போட்டுப் பார்க்கட்டும். அடுக்கு 4, அகலமான தகடு, சுமை மாறாமல் ஏறி இறங்குகிறது, விரிசல் 1 மில்லிமீட்டரில் தொடங்கி 25 மில்லிமீட்டரில் முறிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மில்லிமீட்டர் 2 ஆவதற்கே மொத்த ஆயுளில் பாதிக்கு மேல் போய்விடும். 2 நாலாக இன்னொரு கால்பங்கு. 8 மில்லிமீட்டரைத் தொட்ட பிறகு மீதி இருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற காலம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். விரிசல் தன் ஆயுளை இருட்டில்தான் கழிக்கிறது. அங்கேயே பிடித்தாக வேண்டும்.

இடைவெளி வைப்பது இப்படி. கருவியில் நம்பகமாகத் தெரியும் அளவிலிருந்து முறியும் அளவுக்குப் போக 12,000 பறப்பு ஆகும் என்று கணக்கு வந்தால், அதை இரண்டாலோ மூன்றாலோ வகுத்து, 6,000 அல்லது 4,000 பறப்புக்கு ஒரு முறை பார் என்பார்கள். ஒரு முறை தப்பினாலும் இன்னொரு முறை பிடிக்க வாய்ப்பு இருக்க வேண்டும். "நம்பகமாகத் தெரியும் அளவு" என்பதற்கும் ஒரு வரையறை உண்டு. 100 விரிசலில் 90ஐப் பிடிக்க வேண்டும், அதையும் 95 சதவீத நம்பகத்தோடு நிரூபிக்க வேண்டும். ஒரு கெட்டிக்காரன் ஒருநாள் கண்டுபிடித்த மிகச் சிறிய கீறலுக்கு இந்தக் கணக்கில் மதிப்பே கிடையாது. களைத்துப்போன ஒரு சாதாரண ஆள் தவறவிடக்கூடிய பெரிய விரிசல் எது என்றுதான் பார்க்கிறார்கள்.

இந்தச் சிந்தனை சும்மா வரவில்லை. 1969 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்-111 போர் விமானம் ஒன்று சுமார் நூறு மணி நேரமே பறந்த நிலையில் இறக்கை பிய்ந்து விழுந்தது. இறக்கை மடங்கும் இடத்து எஃகில், செய்யும்போதே இருந்த குறை யார் கண்ணிலும் படவில்லை. 1977 மே மாதம் ஜாம்பியாவின் லுசாகாவில் ஒரு போயிங் 707 சரக்கு விமானத்தின் வால் இறக்கை முறிந்து, இருந்த 6 பேரும் இறந்தார்கள். ஒரு பாகம் போனால் அடுத்த பாகம் தாங்கும் என்றுதான் அதை வடிவமைத்திருந்தார்கள். முதல் பாகம் போனதை யாரும் பார்க்காமல் விட்டால் அடுத்த பாகம் எத்தனை நாள் தாங்கும்? அடுத்த வருடமே அமெரிக்க விதியில் டேமேஜ் டாலரன்ஸ் சேர்ந்தது.

இனி வெல்டிங். நீங்கள் கேட்டதில் முக்கியமான பாதி இதுதான். நிறையப் பேர் "விமானத்தில் வெல்டிங்கே கிடையாது, எல்லாம் ரிவெட்" என்று பதில் போட்டிருக்கிறார்கள். அது தப்பு. சிறிய விமானங்களில் இன்ஜினைத் தாங்கும் குழாய்ச் சட்டம் முழுக்க வெல்டிங்தான். எஃப்-14 போர் விமானத்தின் நடு இறக்கைப் பெட்டி டைட்டேனியம், எலக்ட்ரான் பீம் வெல்டிங். ஏர்பஸ் ஏ318இல் உடலின் கீழ்ப்பக்கத் தகடுகளில் நீளச் சட்டங்களை லேசரால் பற்றவைத்தார்கள். எக்லிப்ஸ் 500 என்ற சின்ன ஜெட்டில் உலோகத்தை உருக்காமல், சுழலும் முளையால் கிளறிச் சேர்க்கும் ஃபிரிக்‌ஷன் ஸ்டர் வெல்டிங் போட்டார்கள். 1991இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த முறை அது. எடை குறையும், ஓட்டைகள் குறையும், வேலையும் வேகம்.

ஆனாலும் பயணிகள் விமானத்தின் உடல் இன்னும் பெரும்பாலும் ரிவெட்டில்தான் நிற்கிறது. அதற்குக் காரணம் பழமைப்பிடிப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரிவெட் அடித்த உடலில் தோலில் ஓடும் விரிசல் நீளச் சட்டத்தின் அடியில் நுழையும்போது சட்டம் முழுசாக நிற்கிறது. அது ரிவெட் வழியாகத் தோலின் சுமையை வாங்கிக்கொள்வதால் விரிசலின் வேகம் தணிகிறது. வெல்டிங் செய்ததில் தோலும் சட்டமும் ஒரே உலோகம். விரிசல் அங்கே வந்ததும் இரண்டாகப் பிரிந்து, தோலில் ஒன்றும் சட்டத்தில் ஒன்றுமாக ஏறிவிடும். கப்பல்காரர்கள் இதை முன்னாலேயே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில், ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புதிய வெல்டிங் கப்பல் துறையில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. குளிரில் எஃகு நொறுங்கும் தன்மைக்குப் போய்விட்டது ஒரு காரணம். ஒரு தகட்டில் தொடங்கிய பிளவை நிறுத்த நடுவில் ரிவெட் வரிசை இல்லாதது இன்னொன்று. அதன்பிறகு வெல்டிங் கப்பல்களிலேயே நடுநடுவே ரிவெட் பட்டை வைத்தார்கள்.

வெல்டிங்குக்கு இன்னும் இரண்டு குணம் உண்டு. உருகிய இடம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும், சுற்றியிருக்கும் குளிர்ந்த உலோகம் விடாது. அதனால் வெல்டிங் மடிப்பை (உருகிச் சேர்ந்த கோட்டை) ஒட்டி எந்நேரமும் ஒரு இழுவிசை உள்ளேயே தங்கிவிடும். வெளியே சுமை இல்லாத நேரத்திலும் விரிசலின் வாய் திறந்தே இருக்கும், வேகமாக வளரும். கொஞ்சம் தள்ளிப் போனால் அந்த இழுவிசையைச் சமன்செய்ய அமுக்குவிசை இருக்கும், அங்கே மெதுவாகும். சோதனைக்கு என்று ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்தால் இந்த உள்விசையில் பெரும்பங்கு விடுபட்டுப் போகும். அந்தத் துண்டில் விரிசல் நிதானமாக வளர்கிறது என்று நம்பி பெரிய பாகத்துக்கு இடைவெளி குறித்தால் ஆபத்து. இரண்டாவது, மடிப்பின் ஓரம். வெல்டிங் மேடு தகட்டில் இறங்கும் அந்தக் கோட்டில்தான் அண்டர்கட் என்ற சிறு பள்ளம் இருக்கும், விரிசல் பிறக்கும். எவ்வளவு உயர்ந்த எஃகு போட்டாலும், அந்த ஓரத்தைச் சரிசெய்யாவிட்டால் ஃபடீக் (சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் சோர்வு) விஷயத்தில் விலை குறைந்த எஃகைவிடப் பெரிதாக எதுவும் கிடைக்காது. இதைச் சொன்னால் நம்பாத முதலாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். எனக்கு அப்போது 24 வயது. எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பயிற்சி விமானம் ஒன்றின் இன்ஜின் சட்டம் சோதனைக்கு வந்தது. குரோம்-மாலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) எஃகுக் குழாய்கள், ஐந்து குழாய் ஒன்றாகச் சேரும் முடிச்சு. என் கையில் இருந்த தாளில், பெயின்ட்டை எடுத்துவிட்டு மேக்னடிக் பார்ட்டிகிள் (காந்தத் துகள் சோதனை) போடு என்று தெளிவாக இருந்தது. மதியம் மூன்று மணி. வண்டி ஐந்துக்குக் கிளம்ப வேண்டும். "போன தடவைதான் பார்த்தாச்சே, பெயின்ட் மேலேயே பார்த்து அனுப்புப்பா" என்றார் மேலே இருந்தவர். பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. குறை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த முடிச்சில் ஒரு இடத்தில் பெயின்ட் மயிரிழை போல வெடித்திருந்தது. பெயின்ட்தான் உரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தாண்டியிருந்தேன். காலை ஆறரைக்கே போய்விட்டேன். வண்டி வராததால் சட்டம் அங்கேயேதான் இருந்தது. யாரையும் கேட்கவில்லை. பெயின்ட் ரிமூவரைத் தடவிச் சுரண்டினேன். இருட்டறைக்குள் கொண்டுபோய்க் காந்தம் ஏற்றி, துகள் கலந்த திரவத்தை ஊற்றி, புற ஊதா ஒளி தரும் கருவிளக்கைக் காட்டினேன். மடிப்பின் ஓரத்தில் பச்சையாக ஒரு கோடு மின்னியது. அளந்தேன், 6 மில்லிமீட்டர். துடைத்துவிட்டு மறுபடி செய்தேன். அதே இடம், அதே 6. கை நடுங்கியது.

முந்தின நாள் போட்ட தாளை ரத்து செய்து புதுத் தாள் எழுதினேன். மேலே இருந்தவர் எல்லோருக்கும் முன்னால் கத்தினார். நேற்று இல்லாதது ராத்திரியிலா வந்தது என்றார். அந்தக் கேள்வி நியாயமானதுதான், என்னிடம் பதில் இல்லை. சட்டத்தை ஒதுக்கிவிட்டார்கள். அதன்பிறகு எனக்கு நல்ல வேலை எதுவும் கொடுக்கவில்லை, மூன்றே மாதத்தில் கிளம்பிவிட்டேன். சிலர் இதைப் படித்துவிட்டு, நீ முதலிலேயே ஒழுங்காகச் செய்திருக்கலாமே என்பீர்கள். ஆமாம், செய்திருக்க வேண்டும். 12,000ஐ வகுத்து இடைவெளி போட்டவர், தாளில் எழுதியபடி நான் பெயின்ட்டை எடுப்பேன் என்று நம்பித்தான் போட்டார். நான் எடுக்காத அன்று அந்தச் சட்டத்துக்கு எந்தக் கணக்கும் இல்லை.

பின்னாளில் அலெக்ஸாண்டர் கீலாண்ட் என்ற மிதக்கும் எண்ணெய்த் தளத்தைப் பற்றிப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. 1980 மார்ச் 27, வடகடல், 123 பேர் இறந்தார்கள். தளத்தைத் தாங்கிய குழாய் ஒன்றில், ஒரு ஒலிவாங்கிக் கருவியைப் பொருத்த 6 மில்லிமீட்டர் ஃபில்லட் வெல்டிங் போட்டிருந்தார்கள். விரிசல் தொடங்கியது அங்கே. முறிந்த பரப்பைப் பார்த்தபோது உள்ளே பெயின்ட் இருந்தது. தளம் கட்டும்போதே விரிசல் இருந்திருக்கிறது, அதன்மேல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். 2002 மே 25இல் நொறுங்கிய தைவானின் போயிங் 747 விமானமும் இதே மாதிரிதான். 1980இல் வால் தரையில் உரசியதற்கு, கீறல்களை முழுதாக எடுக்காமல் மேலே தகடு வைத்து மூடினார்கள். 22 வருடம் தகட்டுக்கு அடியில் விரிசல் வளர்ந்தது. 225 உயிர் போனது. வெல்டிங்கோ ரிவெட்டோ, மூடினால் முடிந்தது.

அப்பாவின் பட்டறையைப் பற்றி ஒரு வார்த்தை, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ரோடு அகலப்படுத்தியபோது அந்த இடம் போய்விட்டது. இழப்பீடு இடத்துக்காரருக்கு வந்தது. 26 வருடம் அங்கே ராடு பிடித்தவருக்கு, வாடகைக்கு இருந்தவர் என்பதால், ஒரு ரூபாய் கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் செட்டைத் தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். அதற்கப்புறம் அவர் வேலைக்குப் போகவில்லை. எந்தக் கணக்கிலும் அவர் பெயர் இல்லை என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

நான் இப்போது புதுச்சேரியில், சேதராப்பட்டுப் பக்கம் சிறிய சோதனைக்கூடம் வைத்திருக்கிறேன். பாய்லர், டேங்க், கிரேன் கொக்கி என்று வரும். லாஸ்பேட்டை விமான நிலையத்தில் சின்ன ஏடிஆர் விமானம் இறங்குவதைப் பார்த்தால் அது எத்தனை மணி நேரம் பறந்திருக்கும் என்று யோசிக்க மாட்டேன், எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கும் என்றுதான் தோன்றும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் உடல் ஒரு முறை காற்றால் உப்பித் தளர்கிறது. ஹவாயில் தீவுக்குத் தீவு குட்டிப் பறப்பாக ஓடிய அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 அப்படித்தான் 89,680 சுற்றைத் தொட்டு, 1988 ஏப்ரல் 28 அன்று நடுவானில் கூரையை இழந்தது. ஒரு பணிப்பெண் இறந்தார். ஏறும்போதே கதவுக்குப் பக்கத்தில் விரிசலைப் பார்த்த பயணி ஒருவர் இருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

அதனால் உங்கள் மகனிடம் சண்டை போடாதீர்கள். அடுத்த முறை அவன் இதைப் பேசினால், எந்த அளவு விரிசல், எந்தக் கருவியில், பெயின்ட் எடுத்தா எடுக்காமலா என்று மூன்று கேள்வி கேளுங்கள். வெல்டிங் பாகம் என்றால், உள்ளே தங்கிய இழுவிசையைக் கணக்கில் சேர்த்தார்களா என்றும் கேளுங்கள். பதில் சொல்ல அவன் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கும். லீவில் வந்தால் சேதராப்பட்டுக்கு அனுப்பி வையுங்கள். கருவிளக்கும் இருக்கிறது, மண்ணெண்ணெயும் சாக்பீஸும் இருக்கிறது. அப்பா சனிக்கிழமைகளில் வருவார், அவரே காட்டுவார்.